பொறியியல் படிக்கச் சென்றவர், அணைக்கு எதிரே அமர்ந்தார்: சேனாபதி பாபட்டின் வாழ்வும் முல்ஷியின் தோல்வியும்

புணே, நவ. 28: மும்பையின் தாதர், லோயர் பரேல் பகுதிகளை ஒட்டி நீளும் சேனாபதி பாபட் மார்க், ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளின் புகைபோக்கிகள் வரிசையாக நின்ற சாலை. இன்று அந்த ஆலை வளாகங்களில் வணிக மையங்களும் அலுவலகக் கோபுரங்களும் எழுந்துவிட்டன. புணே நகரிலும் அதே பெயரில் ஒரு பரபரப்பான சாலை உண்டு. நாள்தோறும் இவ்விரு சாலைகளையும் கடந்து செல்வோரில் பெரும்பாலோருக்கு அப்பெயர் ஒரு முகவரி மட்டுமே.

மும்பையின் ஆலைகளுக்கு மின்சாரம் எடுப்பதற்காகச் சஹ்யாத்ரி மலைத்தொடரின் சரிவில் எழுந்த அணையை எதிர்த்து ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர் சேனாபதி பாபட். அவருடைய பெயரையே ஆலைப் பகுதியின் சாலை தாங்கி நிற்பதைத் திட்டமிட்டு எவரும் செய்திருக்க முடியாது. 1967 நவம்பர் 28 அன்று மறைந்த அவரது நினைவு நாள் இன்று.

விடுதலைப் போராட்ட வீரர் என்ற ஒற்றை வரிக்குள் பாபட்டின் வாழ்க்கை அடங்குவதில்லை. வெடிகுண்டு செய்யும் முறையைக் கற்றவர், தெருவைப் பெருக்கியவர், கவிஞர், மொழிபெயர்ப்பாளர் எனப் பல முகங்கள் அவருக்கு உண்டு. ஆயினும் அவருக்குச் சேனாபதி என்ற பட்டத்தைத் தந்தது முல்ஷி என்ற பள்ளத்தாக்கின் உழவர்களுக்காக அவர் நடத்திய போராட்டமே. அந்தப் போராட்டம் தோற்றது. அது எவ்வாறு தோற்றது என்பதில்தான் இன்றைய இந்தியக் கிராமங்களுக்கான செய்தி இருக்கிறது.

பார்னேரிலிருந்து எடின்பரோவுக்கு

பாண்டுரங்க மகாதேவ பாபட் 1880 நவம்பர் 12 அன்று அகமதுநகர் மாவட்டம் பார்னேரில் பிறந்தார். அம்மாவட்டம் இப்போது அஹில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ளது. பார்னேர் வட்டம் தக்காணத்தின் மழை மறைவுப் பகுதியில் அமைந்தது. வறட்சி அங்கு விருந்தாளியன்று, குடியிருப்பவர். பிற்காலத்தில் நீர்ப்பிடிப்புப் பணிகளால் நாடறிந்த ராலேகண் சித்தி கிராமம் இதே வட்டத்தைச் சேர்ந்தது.

புணேயின் டெக்கான் கல்லூரியில் பயின்ற பாபட், மங்கள்தாஸ் நாதுபாய் உதவித்தொகை பெற்று 1904-இல் எடின்பரோ சென்றார். அங்கு அவர் சேர்ந்தது பொறியியல் படிப்பு. ஆங்கிலேய ஆட்சியில் இந்தியா எவ்வாறு வறுமையுற்றது என்பதை அங்குள்ள பொதுக்கூட்டத்தில் எடுத்துரைத்ததால் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. படிப்பு பாதியில் நின்றது.

லண்டனில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா நடத்திவந்த இந்தியா ஹவுஸ் விடுதியுடன் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. சாவர்க்கரும், தமிழகத்திலிருந்து சென்ற வ.வே.சு. ஐயரும் இயங்கிய இடம் அது. அங்கிருந்து பாரிஸ் சென்ற பாபட், வங்கத்தின் ஹேமசந்திர தாஸுடன் சேர்ந்து ரஷ்யப் புரட்சியாளர்களிடம் வெடிகுண்டு செய்முறையைக் கற்றார். அச்செய்முறைக் குறிப்புகளுடன் 1908-இல் தாயகம் திரும்பினார்.

அதே ஆண்டில் வங்கத்தில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு வெடித்தது. அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவரின் வாக்குமூலத்தில் பாபட்டின் பெயரும் வந்ததால், சில ஆண்டுகள் தலைமறைவாக அலைந்தார். 1912-இல் பிடிபட்டார். பின்னர் விடுதலையாகிச் சொந்த ஊர் திரும்பியவர் கையில் எடுத்தது துடைப்பம்.

பார்னேரின் தெருக்களை அவர் நாள்தோறும் பெருக்கினார். கழிவிடங்களைத் தூய்மை செய்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்து சீமைக்குப் படிக்கச் சென்று வந்த ஒருவர் அக்காலத்தில் இதைச் செய்தது ஊரைத் திகைக்க வைத்தது. பின்னர் புணேயில் பத்திரிகைப் பணியிலும், மராத்திக் கலைக்களஞ்சியப் பணியிலும் ஈடுபட்டார். கிராமத்துக்கு என்ன தேவை என்பதைப் புத்தகத்தில் தேடாமல் தெருவில் கண்டறிந்த காலம் அது எனலாம்.

மழையை விற்கும் திட்டம்

புணேக்கு மேற்கே, சஹ்யாத்ரியின் உச்சியை ஒட்டிய பள்ளத்தாக்கு முல்ஷி. நீலா, முளா ஆறுகள் கலக்கும் இடம். பருவமழை மலையில் மோதிக் கொட்டித் தீர்க்கும். பள்ளத்தாக்கின் நன்செய் நிலங்களில் அம்பேமோஹர் என்ற நெல் விளைந்தது. சிறிய மணிகளைக் கொண்ட அந்த அரிசி வேகும்போது மாம்பூவின் மணம் வீசும். பெயரின் பொருளும் அதுவே. மலைச்சரிவுகளில் கேழ்வரகு பயிரிட்டனர். அங்கு வாழ்ந்த உழவர்கள் மாவள்கள் எனப்படுவோர். சத்ரபதி சிவாஜியின் காலாட்படைக்கு வீரர்களை அளித்த மலைநாட்டு மக்கள் இவர்களின் முன்னோர்.

அந்த மழையின்மீது மும்பையின் தொழிலதிபர்களுக்கும் கண் விழுந்தது. மும்பை ஆலைகள் நெடுந்தொலைவிலிருந்து வரும் நிலக்கரியை எரித்து இயங்கின. மலையுச்சியில் மழைநீரைத் தேக்கி, குழாய்கள் வழியே ஏறத்தாழ 500 மீட்டர் கீழே கொங்கணச் சமவெளிக்கு இறக்கினால் அந்த வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது ஜாம்ஷெட்ஜி டாடா காலத்திலேயே உருவான எண்ணம். அவரது மறைவுக்குப் பின் டாடா குழுமம் அதைச் செயல்படுத்தியது. லோணாவளா பகுதி ஏரிகளிலிருந்து கோபோலி மின்நிலையம் 1915-இல் இயங்கத் தொடங்கியது. ஆந்திரா பள்ளத்தாக்கு நீரைக் கொண்டு பீவ்புரி நிலையம் 1922-இல் வந்தது. மூன்றாவதாகத் திட்டமிடப்பட்டதே முல்ஷி.

இத்திட்டத்தின் பொறியியல் நுட்பத்தில் ஒரு முக்கியமான கூறு உண்டு. முளா ஆறு இயல்பாகக் கிழக்கு நோக்கிப் பாய்ந்து, புணே வழியே பீமா ஆற்றையும், பின்னர் கிருஷ்ணாவையும் சேர்ந்து வங்கக் கடலில் கலப்பது. அணை அந்த நீரை மறித்து மேற்கே திருப்பியது. மின்சாரம் எடுத்தபின் நீர் கொங்கணத்தின் குண்டலிகா ஆற்றில் இறங்கி அரபிக் கடலுக்குப் போய்விடும். வறண்ட தக்காணத்தை நோக்கிச் செல்ல வேண்டிய நீர், மழைக்குக் குறைவில்லாத கரையோரம் சென்றது. பள்ளத்தாக்கின் உழவர்களோ நிலத்தையும் இழந்தனர். நிலத்தின் விலையாக எழும் மின்சாரமும் அவர்களுக்கானதன்று.

நீரில் மூழ்கவிருந்தவை 50-க்கும் மேற்பட்ட கிராமங்கள். பாதிக்கப்பட இருந்தோர் ஏறத்தாழ 10,000 பேர். நில எடுப்பு நடைமுறைகள் முழுமையாக முடிவதற்கு முன்பே வயல்களில் அளவைக் கற்களும் சோதனைக் குழிகளும் தோன்றின. தங்கள் வயலில் யாரோ குழி தோண்டுவதைக் கண்டே பல உழவர்கள் திட்டத்தைப் பற்றி அறிந்தனர்.

சட்டம் தந்ததும் தராததும்

நிலத்தை எடுக்க அரசு பயன்படுத்தியது 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். அரசு தன் தேவைக்கு மட்டுமன்றி, பொதுமக்களுக்குப் பயன்தரும் பணி எனக் கருதினால் ஒரு தனியார் நிறுவனத்துக்காகவும் நிலத்தை எடுத்துத் தர அச்சட்டம் வழிசெய்தது. நில உரிமையாளருக்குச் சந்தை மதிப்பும், கட்டாயமாக எடுத்துக்கொள்வதற்கு ஈடாக அதன்மேல் 15 விழுக்காடும் வழங்கப்படும்.

நிலத்தை எடுக்கவே கூடாது என முறையிடும் உரிமையை அச்சட்டம் தொடக்கத்தில் வழங்கவில்லை. எவ்வளவு பணம் என்பதைப் பற்றி மட்டுமே உரிமையாளர் வாதிடலாம். எடுப்பதற்கே மறுப்புத் தெரிவித்து விசாரணை கோரும் 5-அ பிரிவு 1923-இல்தான் சேர்க்கப்பட்டது. முல்ஷி உழவர்கள் அணைப்பகுதியில் அமர்ந்தபோது அப்பிரிவு இல்லை. சட்டத்தின் முன் சொல்ல இடமில்லாத மறுப்பையே அவர்கள் அணைக்கட்டின் மண்மேட்டில் வந்து சொன்னார்கள்.

மற்றொரு சிக்கல் இன்னும் ஆழமானது. இழப்பீடு ஆவணத்தில் பெயர் உள்ளவருக்கே செல்லும். முல்ஷி நிலங்களில் பெரும்பகுதி புணேயின் வட்டிக்காரர்களிடம் அடமானத்தில் இருந்தது. உழுதவர் மாவள் உழவர். பத்திரத்தை வைத்திருந்தவர் நகரத்துச் சாவ்கார். நிலம் நிலமாக இருக்கும்வரை சாவ்காருக்கு விளைச்சலில் ஒரு பங்கும் வட்டியும் கிடைக்கும். அதற்காகவேனும் உழவர் நிலத்தில் இருப்பது அவருக்குத் தேவை. நிலம் ரொக்கமாக மாறினாலோ அவருடைய கடன் ஒரே நாளில் வசூலாகிவிடும். கடன் போக உழவரின் கையில் எஞ்சுவது என்ன? குத்தகைக்குப் பயிரிட்டவருக்கும், கூலிக்கு நடவு செய்தவருக்கும், ஊர்ப்பணி செய்த கைவினைஞருக்கும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் இடமே இல்லை.

ராமநவமி நாளில்

திலகர் 1920 ஆகஸ்டில் மறைந்திருந்தார். காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. விநாயகராவ் புஸ்குடே உள்ளிட்ட செயல்வீரர்கள் முல்ஷியின் கிராமங்களைச் சுற்றிவந்து உழவர்களைத் திரட்டினர். திலகர் வழிவந்த புணே தலைவர்களும் கேசரி வட்டாரமும் ஆதரவளித்தனர். பாபட் இப்போராட்டத்தின் முன்னணிக்கு வந்தார்.

1921 ஏப்ரல் 16, ராமநவமி. உழவர்களும் தொண்டர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அணைக் கட்டுமான இடத்துக்குச் சென்று அமர்ந்தனர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். பணியாளர்களால் வேலையைத் தொடர முடியவில்லை. உயிர் போனாலும் நிலத்தைத் தருவதில்லை என்ற உறுதியே அப்போராட்டத்தின் முழக்கமாயிற்று. அதன் தலைமை ஏற்றவரை மக்கள் படைத்தலைவர் என்ற பொருளில் சேனாபதி என்று அழைக்கத் தொடங்கினர். அதன்பின் பாண்டுரங்கர் என்ற பெயர் பின்னுக்குப் போயிற்று.

அந்நாளில் காந்தியும் முல்ஷி உழவர்களுக்கு ஆதரவாக எழுதினார். சட்டம் தமக்களித்த உரிமையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், டாடா நிறுவனத்தார் மக்களிடமே நேரில் பேச வேண்டும் என்பது அவரது கோரிக்கை. நிறுவனம் சில மாதங்கள் பணியை நிறுத்தியது. கிராமங்களில் வெற்றி பெற்றுவிட்ட உணர்வு நிலவியது.

அது நீடிக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் பணி மீண்டும் தொடங்கியது. இம்முறை காவல் பலமாக இருந்தது. சத்தியாகிரகிகள் அணைப்பகுதிக்குள் நுழைவதும், கைதாவதும், சிறை செல்வதும் தொடர்ந்தன. பாபட்டும் சிறை சென்றார்.

உள்ளே விழுந்த பிளவு

போராட்டத்தை முறித்தது காவல்துறை மட்டுமன்று. நிலத்தின் பத்திரத்தைக் கையில் வைத்திருந்த சாவ்கார்கள், அணை நிற்கப்போவதில்லை என்று தெரிந்ததும் இழப்பீட்டின் அளவைப் பற்றிப் பேச முற்பட்டனர். அவர்களைப் பொறுத்தவரை இது நியாயமான வணிகம். தலைவர்களுக்கும் அவர்களுக்கும் புணே நகரின் அரசியலிலும் உறவிலும் பிணைப்பு இருந்ததால், தலைவர்கள் அவர்களைக் கடுமையாக எதிர்க்கவும் இயலவில்லை. நிலத்தை விற்கக் கூடாது என்ற முழக்கமும், நல்ல விலை வேண்டும் என்ற பேரமும் ஒரே இயக்கத்துக்குள் நெடுநாள் வாழ முடியாது.

மகாராஷ்டிரத்தில் அப்போது பிராமணரல்லாதார் இயக்கம் வலுவடைந்திருந்தது. புணேயின் பிராமணத் தலைவர்கள்மீது உழவர் சாதியினருக்கு ஐயம் இருந்தது. வட்டிக்காரரும் அவர்களே, தலைவரும் அவர்களே என்ற நிலையில் அந்த ஐயத்தைத் தவறென்று தள்ளிவிட முடியாது. பாபட்டின் நேர்மையை எவரும் கேள்விக்கு உள்ளாக்கவில்லை. ஆனால் உழவருக்கும் சாவ்காருக்கும் இடையிலான கடன் கணக்கைத் தீர்க்காமல், நிறுவனத்துக்கு எதிராக மட்டும் இருவரையும் ஓரணியில் நிறுத்த முயன்றது அந்த இயக்கத்தின் அடிப்படைப் பலவீனம். முல்ஷியைப் பெருமிதத்துடன் நினைவுகூரும் கட்டுரைகள் பலவும் இதைக் கடந்து சென்றுவிடுகின்றன.

வறிய உழவர்கள் ஒவ்வொருவராக இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டனர். அவர்களைக் குறைகூறுவதற்கு இடமில்லை. அணையின் சுவர் கண்ணெதிரே உயர்கிறது, வட்டி ஏறுகிறது, அடுத்த பருவத்துக்கு விதைக்கலாமா என்பதே தெரியாது. அந்நிலையில் கையில் வரும் பணத்தை மறுப்பதற்கு, உண்பதற்கு வேறு வழியுள்ளவராலேயே இயலும்.

1924-இல் சிறையிலிருந்து விடுதலையான காந்தியிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது, முல்ஷி போராட்டத்தைக் கைவிடுவதே முறை என்று அவர் தெரிவித்தார். பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் இழப்பீட்டைப் பெற்றுவிட்டனர் என்பது முதல் காரணம். அணை ஏறத்தாழப் பாதி எழுந்துவிட்டது, அதை நிலையாகத் தடுக்க முடியாது என்பது இரண்டாவது. தலைவருக்கு அகிம்சையில் முழு நம்பிக்கை இல்லை என்பது மூன்றாவது. மூன்றும் உண்மையே. ஆயினும் முதலிரண்டும் போராட்டம் தோற்றதற்குச் சான்றுகளே தவிர, உழவரின் கோரிக்கை தவறு என்பதற்கான சான்றுகளாக மாட்டா.

தலைவரைப் பற்றிய கணிப்பு விரைவில் உறுதியானது. அமர்ந்து மறிப்பதால் பயனில்லை என்று முடிவு செய்த பாபட், சில தோழர்களுடன் கட்டுமானப் பொருள்களைக் கொண்டுசெல்லும் இருப்புப்பாதையைக் குறிவைத்தார். ஆயுதத்துடன் சென்று தண்டவாளத்தைத் தடுத்து வண்டியை நிறுத்தினர். செய்தபின் அவர் தப்பியோடவில்லை; தாமாகவே பிடிபட்டார். செய்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்பதும் சத்தியாகிரகத்தின் ஒரு வகையே என்பது அவருடைய நிலைப்பாடு. காந்தியின் அகராதியில் அதற்கு இடமில்லை. நீதிமன்றம் ஏழாண்டுத் தண்டனை விதித்தது.

அவர் சிறையில் இருந்தபோதே முல்ஷி அணை நிறைந்தது. பீரா மின்நிலையம் 1927-இல் இயங்கத் தொடங்கியது. வயல்களும் வீடுகளும் கோயில்களும் நீருக்கடியில் சென்றன. மக்கள் மேட்டு நிலங்களுக்கும் புணேக்கும் மும்பைக்கும் சிதறினர். நெல் பயிரிட்டவர்களில் பலர் கூலிகளாயினர்.

சிறைக்கு வெளியே

1931-இல் விடுதலையான பாபட், மகாராஷ்டிர மாகாணக் காங்கிரஸின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நீண்டநாள் அமைதியாக இருக்க அவருக்கு வாய்க்கவில்லை. ஆட்சிக்கு எதிரான பேச்சுக்காக மீண்டும் சிறை சென்று, 1937-இல்தான் வெளிவந்தார். 1939-இல் சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய பார்வர்டு பிளாக் கட்சியில் இணைந்து மகாராஷ்டிரத்தில் பணியாற்றினார். இந்தியா விடுதலை பெற்ற நாளில் புணேயில் தேசியக் கொடியை ஏற்றியவர் அவரே.

நிறைய எழுதினார். மராத்தியில் அவர் இயற்றிய கவிதைகள் பலவும் சிறையில் பிறந்தவை. புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தரின் பெருநூலான தி லைஃப் டிவைனை மராத்தியில் மொழிபெயர்த்தார். அலிப்பூர் வழக்கில் அரவிந்தர் குற்றவாளிக் கூண்டில் நின்ற நாள்களில், அதே வழக்குக்காக ஒளிந்து திரிந்தவர் பாபட் என்பது நினைவுகூரத்தக்கது.

போர்த்துகீசியர் வசமிருந்த கோவாவை விடுவிக்க 1955 மே மாதம் எல்லையைக் கடந்த சத்தியாகிரகிகள் குழுவில் நானாசாகேப் கோரேயுடன் அவரும் சென்றார். வயது 74. ஐக்கிய மகாராஷ்டிர இயக்கத்திலும் முன்னின்றார். 1966-இல் பெல்காம் எல்லைச் சிக்கலுக்குத் தீர்வு கோரி 85 வயதில் மும்பையில் உண்ணாவிரதம் இருந்தார். அதைத் தொடர்ந்தே மத்திய அரசு மகாஜன் ஆணையத்தை அமைத்தது. அடுத்த ஆண்டு, 87-ஆவது வயதில் காலமானார். 1977-இல் அஞ்சல்துறை அவருக்குத் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

முல்ஷிக்குப் பின்

பாபட்டின் கடைசி இருபது ஆண்டுகளில் நாடெங்கும் அணைகள் எழுந்தன. மகாராஷ்டிரத்திலேயே கொய்னா வந்தது. ஒடிசாவில் ஹிராகுட், பஞ்சாப் எல்லையில் பக்ரா. வெளிநாட்டு அரசும் தனியார் நிறுவனமும் அகன்று, சொந்த அரசே அணை கட்டியபோது எதிர்ப்புக் குரல் தாழ்ந்தது. நாட்டுக்காக என்ற சொல்லுக்கு முன் ஊர் விட்டுப் போகும் குடும்பத்தின் சொல் எடுபடவில்லை. ஆனால் நிலத்தை எடுக்க விடுதலை பெற்ற இந்தியாவும் பயன்படுத்தியது அதே 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்.

இடம்பெயர்ந்தோருக்கு நிலத்துக்கு நிலம் என்ற கோரிக்கை மகாராஷ்டிரத்தில் 1970-களில் வலுத்து, 1976-இல் மாநில மறுவாழ்வுச் சட்டம் வந்தது. நர்மதை பள்ளத்தாக்கின் போராட்டம் 1980-களில் எழுந்தபோதுதான் முல்ஷியின் பெயர் மீண்டும் பரவலாக ஒலித்தது. அரசியல் ஆய்வாளர் ராஜேந்திர வோரா, முல்ஷி சத்தியாகிரகத்தை உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்று தலைப்பிலேயே குறிப்பிட்டு எழுதிய ஆங்கில நூல் 2009-இல் வெளிவந்தது.

1894-ஆம் ஆண்டுச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாக 2013-இல் நிறைவேறிய சட்டம், முல்ஷியில் தவறியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது போல அமைந்துள்ளது. தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் ஒப்புதல் வேண்டும். அரசு-தனியார் கூட்டுத் திட்டமாயின் 70 விழுக்காடு. திட்டத்தால் ஊருக்கு நேரும் விளைவுகளை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். கட்டாய எடுப்புக்கான ஆறுதல் தொகை 15 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக உயர்ந்து இப்போது 100 விழுக்காடு. நிலம் இல்லாவிட்டாலும், அதை நம்பிக் குறிப்பிட்ட காலம் பிழைத்துவந்த குத்தகைதாரர், விவசாயக் கூலி, கைவினைஞர் ஆகியோரும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகக் கருதப்படுவர். சாவ்காரின் பத்திரம் மட்டுமே பேசிய காலம் ஏட்டளவில் முடிந்தது.

ஏட்டளவில் என்று சொல்லக் காரணம் உண்டு. 2014 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், ஐந்து வகைத் திட்டங்களுக்கு ஒப்புதல் விதியிலிருந்தும் விளைவு மதிப்பீட்டிலிருந்தும் விலக்கு அளிக்க இடமளித்தது. அந்த ஐந்தில் ஒன்று, கிராம மின்வசதி உள்ளிட்ட ஊரக உட்கட்டமைப்பு. கிராமத்தின் வளர்ச்சிக்கான திட்டம் என்றால் கிராமத்தாரின் ஒப்புதலைக் கேட்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். கடும் எதிர்ப்புக்குப் பின் 2015 ஆகஸ்டில் அது காலாவதியாக விடப்பட்டது. எனினும் அதன்பின் பல மாநிலங்கள் தத்தம் திருத்தங்கள் வழியே அதேபோன்ற விலக்குகளைக் கொண்டுவந்துள்ளன.

முல்ஷி ஏரி இப்போது புணேவாசிகள் மழைக்காலத்தில் சுற்றுலா செல்லும் இடம். பீரா மின்நிலையம் தொடர்ந்து இயங்கி வருகிறது. கிழக்கே செல்ல வேண்டிய நீரைப் புணே பகுதியின் குடிநீருக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை வறட்சி ஆண்டுகளில் எழுவதும், மழை பெய்ததும் அடங்குவதும் வழக்கமாக உள்ளது. ஏரியின் நீர் மேற்கு நோக்கியே இறங்கிக்கொண்டிருக்கிறது.